சுவர் ஊருக்கு, ஆசிரியர் கந்தோருக்கு
முஸ்லிம் பாடசாலைகளின் நிருவாக சபைகள் பற்றிச் சில குறிப்புகள்

நம்மூர்ப் பாடசாலைகளின் பொன்விழா மலர்களைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு அவற்றின் ஒழுங்கு மனப்பாடமாக இருக்கும். முதலில் ஆசிச்செய்திகள். பிறகு ஸ்தாபகரின் படம், அதிபர்களின் பெயர்ப் பட்டியல், எந்த மாடிக் கட்டடத்தை எந்த அமைச்சர் திறந்து வைத்தார் என்ற விபரம். நடுவில் ஒரு பக்கத்தில் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் நிருவாக சபை, இருப்பவர்கள் இடமிருந்து வலமாக, நிற்பவர்கள் இடமிருந்து வலமாக. அந்தச் சபை கூடி என்ன பேசியது, எதைத் தீர்மானித்தது, எதைத் தீர்மானிக்க முடியாமல் போனது என்பதற்கு மட்டும் மலரில் ஒரு வரியும் இராது. படத்தில் நிற்பவர்களுக்கே அது ஒரு வரலாறு என்று தோன்றுவதில்லை.

கிழக்கிலே ஒரு கிராமத்துப் பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்திற்கு நான் ஆறு வருடம் செயலாளராக இருந்தேன். கூட்ட அறிக்கை எழுதுவதுதான் என் வேலை. அந்த ஆறு வருடமும் எங்கள் கூட்டங்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்வி ஒன்று: கணிதத்துக்கு ஆள் எப்ப வரும்? எங்களால் பதில் சொல்ல முடியாத கேள்வியும் அதுதான். ஏன் முடியவில்லை என்று பின்னாளில் தேடிப் படித்தபோது, விடை நூறு வருடத்துக்கும் முந்திய இடத்தில் கிடந்தது.

1869ல் ஆங்கிலேயர் பொதுப் போதனைத் திணைக்களத்தை அமைத்தனர். அதைத் தொடர்ந்து, பாடசாலை நடத்துகிற எந்தச் சமயத்தவருக்கும் விதிகளுக்கு அமைய உதவி நன்கொடை என்ற முறை வேரூன்றியது. பாடசாலைக்கு ஒரு முகாமையாளர் இருப்பார். ஆசிரியரை அவர் நியமிப்பார், அவரே நீக்குவார். பரிசோதகர் வந்து பிள்ளைகளைப் பரீட்சித்து, தேறிய அளவைப் பார்த்துப் பணம் தரச் சொல்வார். மிஷனரிமார் இந்த வண்டியில் முதலில் ஏறிக்கொண்டார்கள். பௌத்தர்களுக்குப் பிரம்மஞான சங்கமும், பிந்தி யாழ்ப்பாணத்துச் சைவர்களுக்கு 1923ல் சைவ வித்தியா விருத்திச் சங்கமும் வந்தன. நம்மவர்களோ பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பினால் ஈமான் போய்விடும் என்று பயந்து நின்றார்கள். அந்தப் பயத்தில் நியாயமே இல்லையென்று சொல்லிவிட முடியாது. அந்தக் காலத்துப் பாடசாலைகளில் பெரும்பாலானவை வேதப் பாடசாலைகளாக இருந்தன.

அறிஞர் எம்.சி. சித்திலெப்பை இதை உடைக்கப் புறப்பட்டபோது அவருக்கு முன் நின்ற முதல் தடை காசு என்றுதான் பொதுவாக எழுதுவார்கள். ஆள் இல்லாததும் அதேயளவு பெரிய தடை என்றே எனக்குப் படுகிறது. 1882ல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கி அதில் கல்வியைப் பற்றி ஓயாமல் எழுதினார். கொழும்பில் புதிய சோனகத் தெருவில் எடுத்த முதல் முயற்சி நிலைக்கவில்லை. கண்டியில் பெண்பிள்ளைகளுக்குத் தொடங்கிய பாடசாலையைத் தம் சகோதரியின் பொறுப்பில் விட்டார் என்பது அவரைப் பற்றி எழுதுவோர் பெருமையோடு குறிப்பிடும் செய்தி. பெருமைதான். வெளியே தேடினால் ஒரு முஸ்லிம் ஆசிரியை கிடைக்கமாட்டாள் என்ற நிலையையும் அதே செய்தி சொல்கிறது. 1892ல் மருதானைப் பள்ளிவாசலை ஒட்டி, ஒறாபி பாஷாவின் ஆதரவும் வாப்பிச்சி மரைக்காரின் கைத்திறனும் சேர்ந்து எழுந்த அல் மத்ரஸத்துல் ஹைரியத்துல் இஸ்லாமியாதான் பிற்காலத்தில் ஸாஹிராக் கல்லூரியானது.

ஸாஹிராவின் கதையை இங்கே முழுவதும் சொல்லப் போவதில்லை. எல்லோருக்கும் தெரிந்த கதை அது. எனக்கு வேண்டியது அதிலுள்ள இரண்டு நியமனங்கள். 1921ல் ஆனந்தாக் கல்லூரியில் படிப்பித்துக்கொண்டிருந்த ரீ.பி. ஜாயாவை அழைத்து வந்து அதிபராக்கினார்கள். 1948ல் ஜாயா விலகிய இடத்துக்கு, இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமான ஏ.எம்.ஏ. அஸீஸ், தமது உத்தியோகத்தையே விட்டுவிட்டு வந்தார். இந்த இரண்டு பேரையும் திணைக்களம் அனுப்பி வைக்கவில்லை. மரக்கதிரைகளைச் சுற்றிப்போட்டு இருந்த ஒரு சமூகத்தின் சபைதான் ஆளைக் கண்டுபிடித்து, பேசி, இணங்க வைத்துக் கொண்டு வந்தது. இந்த நாட்டு முஸ்லிம் கல்வியின் மிகச் சிறந்த இரண்டு நியமனங்களும் ஓர் உள்ளூர்ச் சபை செய்தவை என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். ஆளைத் தெரிவு செய்யும் உரிமை தன் கையில் இருந்தபடியால்தான் அந்தச் சபையால் இனத்தையும் தாண்டிப் பார்க்க முடிந்தது. ஸாஹிராவில் தமிழ் ஆசிரியர்கள் பலர் இருந்தார்கள். கார்த்திகேசு சிவத்தம்பி அங்கே படித்தார், பிறகு அங்கேயே படிப்பிக்கவும் செய்தார்.

நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. முகாமையாளரின் கையில் நியமனம் இருந்தால் நீக்கமும் அவர் கையில்தான். உதவி பெறும் பாடசாலைகளில் படிப்பித்த ஆசிரியர்களுக்கு இது தலைக்குமேல் தொங்கிய கத்தி. இன்று வேலை, நாளைக்கு என்னவோ. முகாமையாளரின் சொந்தக்காரன் ஒருவன் பயிற்சி முடித்து வந்தால் யாருக்கோ இடம் போகும். ஆசிரியர் சங்கங்கள் பல்லாண்டுகளாக அரசாங்கம் எங்களை நேரடியாக எடுக்க வேண்டும் என்று கேட்டதற்குக் காரணம் இதுதான். சபையின் சுதந்திரத்தைப் புகழ்கிறவர்கள் அந்தச் சபைக்கு முன்னால் கைகட்டி நின்ற ஆசிரியரையும் நினைக்க வேண்டும்.

ஆனால் ஸாஹிரா என்பது கொழும்பு. ஜாயாவின் காலத்தில் 1940களில் கம்பளை, மாத்தளை, புத்தளம், அளுத்கம என்று அதன் கிளைகள் பரவியது உண்மை. அதற்கு அப்பால், கிழக்கிலும் தெற்கிலும் மன்னாரிலும் நம் பிள்ளைகள் படித்தது பெரும்பாலும் அரசினர் பாடசாலைகளில்தான். அரசினர் பாடசாலைக்கு முகாமையாளர் கிடையாது. ஊருக்கு அங்கே என்ன வேலை? இதற்கு விடை சொன்னது 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம். மாவட்டந்தோறும் ஒரு பாடசாலைக் குழு, அதற்கு அரசாங்க அதிபர் தலைவர். கட்டடம் போடுவது, காணியைப் பார்ப்பது, பிள்ளைகள் வருகிறார்களா என்று கவனிப்பது, வராத பிள்ளையின் வாப்பாவைக் கேட்பது ஆகியவை குழுவின் வேலை. ஆசிரியரை நியமிப்பதும் சம்பளம் கொடுப்பதும் திணைக்களத்தின் வேலை. சுவர் ஊருக்கு, ஆசிரியர் கந்தோருக்கு என்று நான் தலைப்பில் எழுதியது இதைத்தான். நூறு வருடத்துக்கு மேலாகியும் இந்தப் பங்கீடு மாறவில்லை. பெயர்கள் மட்டும்தான் மாறின.

இடையில் ஒரே ஒரு முறை எல்லாம் ஆடிப்போனது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கத்தின் கையில் சேர்த்தன. கத்தோலிக்கப் பெற்றோர் தங்கள் பாடசாலைகளுக்குள் புகுந்து இருந்துகொண்டு எதிர்த்தார்கள். நம் பக்கத்தில் அவ்வளவு பெரிய சத்தம் எழவில்லை. அதற்கு ஒரு காரணம், சட்டத்தைக் கொண்டு வந்த அமைச்சர் கலாநிதி பதியுதீன் மஹ்மூத் நம்மவர். அதிலும் கம்பளை ஸாஹிராவின் அதிபராக இருந்து, சமூகம் நடத்தும் பாடசாலையின் கஷ்டத்தைத் தோளில் சுமந்தவர். அதைவிட முக்கியமான காரணம் எளிமையானது. இழப்பதற்கு நம்மிடம் அதிகம் இருக்கவில்லை. சொந்தப் பாடசாலை உள்ள சமூகத்துக்குத்தான் பாடசாலை பறிபோகும். அஸீஸ் அதே 1961ல் ஸாஹிராவை விட்டு விலகினார். கொழும்பு ஸாஹிரா 1982ல் ஒரு தனிச் சட்டத்தின் மூலம் ஆளுநர் சபையின் பொறுப்புக்குத் திரும்பியது. மற்றவை திரும்பவில்லை.

ஊரின் கையிலிருந்த நியமனம் கந்தோருக்குப் போய்விட்டது என்று சட்டத்தில் எழுதியிருந்தாலும், நடைமுறையில் அது நேரே கந்தோருக்குப் போகவில்லை. போகிற வழியில் பாராளுமன்ற உறுப்பினரின் வீட்டுத் திண்ணையில் தங்கியது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் ஆசிரியர் நியமனம் எப்படிக் கிடைத்தது என்று அந்த வயதுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். யார் கடிதம் கொடுத்தார், யார் வீட்டு வாசலில் எத்தனை நாள் நின்றேன் என்றுதான் கதை தொடங்கும். 1977க்குப் பிறகு வந்த வேலை வங்கிப் படிவங்கள் உறுப்பினர்களின் கையால்தான் விநியோகமாயின. முன்பு முகாமையாளரின் முன் கைகட்டியவர்கள் இப்போது எம்.பி.யின் முன் கட்டினார்கள். ஒரே வித்தியாசம், முகாமையாளர் ஊரிலேயே இருந்தார். தப்புச் செய்தால் ஜும்ஆவுக்கு வரும்போது கேட்கலாம்.

பிறகு 13ஆம் திருத்தம் வந்து மாகாண சபைகள் உருவாயின. தேசிய பாடசாலைகள் கொழும்பின் கீழும் மற்றவை மாகாணத்தின் கீழும் பிரிந்தன. 1993ல் பாடசாலை அபிவிருத்திச் சபைகளுக்கென ஒரு சட்டமே வந்தது, நிலைக்கவில்லை. 2006க்குப் பிறகு பாடசாலை மட்ட முகாமைத்துவம் என்று புதிய சொற்கள் சுற்றுநிருபங்களில் வந்தன. எங்கள் கூட்டத்தில் அதைப் பற்றி அதிபர் ஒரு மணிநேரம் விளங்கப்படுத்தினார். முடிந்ததும் ஒரு ஹாஜியார் எழும்பிக் கேட்டார்: “அப்ப சேர், கணக்குக்கு ஆள நாங்களே போடலாமா?” அதிபர் சிரித்தார். போட முடியாது.

எங்கள் கூட்டம் எப்படி நடக்கும் என்று சொல்ல வேண்டும். அஸருக்குப் பிறகு நாலரைக்கு என்று கடிதம் போகும், ஐந்தேகாலுக்குத் தொடங்கும். கிராஅத்துக்குப் பிறகு போன கூட்ட அறிக்கையை நான் வாசிப்பேன். ஒருவர் முன்மொழிய ஒருவர் வழிமொழிவார். பொருளாளர் கணக்குச் சொல்வார். சுற்றுமதிலின் வடக்குப் பக்கம் உடைந்திருப்பது, தண்ணீர்க் குழாய், பெண்பிள்ளைகளின் மலசலகூடத்துக்குக் கதவு, ஐந்தாம் வருடப் புலமைப்பரிசில் பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு, அதிபரின் இடமாற்றம் பற்றி வந்த வதந்தி. மெயின் கேற்றுக்குப் பச்சை நிறம் அடிப்பதா நீலம் அடிப்பதா என்று ஒருமுறை முக்கால் மணிநேரம் வாதம் நடந்தது. அறிக்கையில் நான் அதை ஒரு வரியில் எழுதினேன். மஃரிபுக்குப் பாங்கு சொல்ல ஐந்து நிமிஷம் இருக்கும்போது, எல்லோரும் எழும்பத் தயாராகிற அந்த நேரத்தில்தான் கடைசி விடயம் வரும்: தொண்டர் ஆசிரியைக்கு இந்த மாதக் காசு எப்படி?

தொண்டர் ஆசிரியர் என்றால் என்னவென்று கிழக்கிலும் வடக்கிலும் உள்ளவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் வாப்பாவின் காலத்தில் எங்கள் ஊருக்குக் கணக்கும் ஆங்கிலமும் படிப்பித்தவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்த தமிழ் ஆசிரியர்கள். ஊரிலே வீடெடுத்துத் தங்கினார்கள், நோன்புக் காலத்தில் கஞ்சி குடித்தார்கள். யுத்தம் அந்தப் பாதையை மூடியது. 1990 ஆகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நடந்தவற்றுக்குப் பிறகு அவர்கள் வரவும் முடியவில்லை, நாங்கள் கேட்கவும் முடியவில்லை. பாடசாலையில் ஆசிரியர் இல்லாத வகுப்பில் பிள்ளைகள் சும்மா இருந்தார்கள். அப்போதுதான் ஊர்கள் தாமாகவே ஒரு வழி செய்தன. உயர்தரம் படித்துவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளையைக் கூப்பிட்டு, “மகள், நியமனம் வரும் வரைக்கும் கொஞ்சம் வந்து படிச்சுக் குடுங்க” என்று கேட்பது. பெரும்பாலும் பெண்பிள்ளைகள். சங்கத்திலிருந்தோ பள்ளிவாசலிலிருந்தோ மாதம் ஏதோ ஒரு தொகை. ஒரு கடையில் நிற்கிற பையனுக்குக் கிடைப்பதைவிடக் குறைவு.

இதில் ஒரு விநோதம் உண்டு. 1907லிருந்து ஊர்ச் சபைக்கு இல்லாத நியமன உரிமை, யுத்த காலத்தில் யாரும் கொடுக்காமலே, எந்தச் சட்டத்திலும் எழுதாமலே எங்கள் கைக்கு வந்திருந்தது. சுவரைப் பார்க்கிற சபை ஆசிரியரையும் எடுத்தது. ஆனால் முகாமையாளரின் காலத்து ஆசிரியருக்காவது பதிவு இருந்தது; திணைக்களத்தின் புத்தகத்தில் பெயர் இருந்தது; நன்கொடைப் பணத்தில் பங்கு இருந்தது. எங்கள் தொண்டர் ஆசிரியைக்கு அந்தக் காப்பும் இல்லை. அவர் பாடசாலையில் இருக்கிறார் என்பதற்கு ஒரே சாட்சி எங்கள் கூட்ட அறிக்கைதான்.

இங்கே பாடசாலைப் பதிவேடுகள் பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொரு பாடசாலையிலும் இரண்டு விதமான எழுத்து உண்டு. ஒன்று சம்பவத்திரட்டுப் புத்தகம். அதிபர் எழுதுவது, பரிசோதகர் வந்தால் பார்ப்பது. அரசாங்கத்துக்குச் சொல்ல வேண்டியது மட்டும் அதில் இருக்கும். மற்றது சங்கத்தின் கூட்ட அறிக்கை. ஊர் தனக்குத் தானே எழுதிக்கொள்வது. முதலாவதை அலுமாரியில் பூட்டி வைப்பார்கள். இரண்டாவது செயலாளரின் வீட்டுக்குப் போகும். புதிய செயலாளர் வந்தால் புதிய கொப்பி தொடங்கும். பழையது அலுமாரிக்கு மேலே, அதற்குப் பிறகு எங்கே என்று தெரியாது. 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவர்கள் விட்டுவந்த பாடசாலைகளில் கிடந்த கொப்பிகளுக்கு என்ன நடந்திருக்கும் என்று யோசிக்கவே கஷ்டமாயிருக்கிறது. 2004 டிசம்பரில் கிழக்குக் கரையில் கடல் வந்தபோது மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் எத்தனை அலுமாரிகள் போயின. கடல் போகட்டும், கரையானைச் சொல்லுங்கள். நம்மூர்களில் கடல் அழித்ததைவிடக் கரையானும், வருடக் கடைசியில் ஸ்டோரைத் துப்புரவாக்குகிற நல்ல மனசும் அழித்ததுதான் அதிகமாயிருக்கும்.

இப்படி ஒரு கொப்பி இல்லாமற் போனதன் விலையை நான் கண்டேன். நான் செயலாளர் பதவியை விட்டு வருடங்கள் கழித்து, ஒருநாள் பின்னேரம் ஒரு பெண் தன் வாப்பாவோடு வீட்டுக்கு வந்தார். எங்கள் பாடசாலையில் ஏழு வருடம் கணிதம் படிப்பித்தவர். தொண்டர் ஆசிரியர்களை நிரந்தரமாக உள்வாங்க மாகாணத்தில் நேர்முகப் பரீட்சை வைக்கிறார்கள், சேவை செய்ததற்கு எழுத்தில் அத்தாட்சி கேட்கிறார்கள். “சேர், என்னக் கூப்பிடுறதுன்டு முடிவெடுத்த கூட்டத்துல அறிக்க எழுதின நீங்கதானே?” என்று கேட்டார். நான்தான். நாளும் நினைவிருந்தது, யார் முன்மொழிந்தார் என்பதும் நினைவிருந்தது. கொப்பிதான் இல்லை. எனக்குப் பின் வந்தவரிடம் கொடுத்தேன், அவர் அதிபர் அறையில் வைத்ததாகச் சொன்னார், அதிபர் மூன்று பேர் மாறிவிட்டார்கள். இரண்டு நாள் ஸ்டோரில் தூசியைக் கிளறினோம். பொருளாளரின் பழைய பெட்டியொன்றில் வவுச்சர்க் கட்டு கிடைத்தது. பதினொரு மாதத்துக்கு மட்டும். ஒவ்வொன்றிலும் அவரது ஒப்பம். அதைப் பிரதி எடுத்து, அதிபரிடம் உறுதிப்படுத்தி வாங்கிக் கொடுத்தோம். ஏழு வருடத்தில் பதினொரு மாதம்.

ஆசிரியர் வரவு இடாப்பையும் பார்க்கலாம் என்று அவருடைய வாப்பா சொன்னார். இடாப்புகள் எல்லாம் அலுமாரியில் ஒழுங்காகவே இருந்தன. அவற்றில் அவர் பெயர் ஒரு நாளுக்கும் இல்லை. நியமனம் இல்லாதவர் இடாப்பில் ஒப்பம் வைத்தால் கந்தோரில் கேள்வி வரும், ஆகவே வைக்க வேண்டாம் என்று சங்கம் ஒருநாள் மஃரிபுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது தீர்மானித்திருந்தது. அந்தத் தீர்மானத்தையும் எழுதியவன் நான்தான்.